புருஷன் சவுதியில மாட்டினப்ப வீட்டுல இருந்து நான் அலைஞ்சதும் கத்துக்கிட்டதும்

எங்க ஊரு பண்ருட்டி பக்கம். முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்துல கூலிக்கு போறேன், பிளஸ் டூ வரைக்கும் படிச்சிருக்கேன், ரெண்டு பிள்ளைங்க. எங்க வீட்டுக்காரரு 2022 தொடக்கத்துல சென்ட்ரிங் வேலைக்குன்னு சவுதி போனாரு, 2024 கடைசியில ஒரு பேகோட திரும்பி வந்தாரு. நடுவுல சம்பளம் நின்னு, இக்காமா, அதாவது அங்க தங்கி வேலை செய்யறதுக்கான அட்டை, முடிஞ்சு, ஊருக்கும் வர முடியாம அங்க வேலையும் செய்ய முடியாம அவரு கேம்ப்ல கிடந்தாரு. மாட்டினது அவரு, ஆனா பேப்பர் தேடினது, மனு எழுதினது, ஆபீஸ் ஆபீஸா நின்னது எல்லாம் நான்தான். யாராவது ஒருத்தர் முன்னாடியே உக்கார வச்சு இதெல்லாம் சொல்லியிருந்தா எவ்வளவோ பணமும் கண்ணீரும் மிச்சமாயிருக்கும்னு நெனச்சு நெனச்சு ஆறல, அதனாலதான் எழுதறேன். போறவங்களை விட அவங்க பொண்டாட்டி, அம்மா, அக்கா தங்கச்சிங்க இதை படிக்கணும்னு ஆசைப்படறேன்.

எங்க பக்கம் ஆம்பளைங்க ஏன் போறாங்கன்னு தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல எங்க முந்திரி மரமும் பலா மரமும் ஒரே ராத்திரியில வேரோட சாஞ்சுது. மாமனாருக்கு இருந்த கொஞ்ச தோப்பும் அன்னிக்கு போச்சு. மறுபடி கன்னு வச்சு அது காய்ப்புக்கு வர வருஷக்கணக்கு ஆகும், அதுவரைக்கும் சாப்பிடணுமே. அப்ப வாங்கின கடன்தான் ஒண்ணு மாத்தி ஒண்ணா எங்க தலையில நின்னுது, அதை அடைக்கத்தான் இவரு கிளம்பினாரு. சொகுசுக்கு யாரும் போகல.

ஏஜெண்ட்டுன்னு ஒருத்தர், பக்கத்து ஊருதான், இவருக்கு தெரிஞ்சவரோட சொந்தக்காரர். மாசம் 1,500 ரியால், சாப்பாடு தங்கறது ஃப்ரீ, எட்டு மணி நேரம் வேலை, ஓவர்டைம் தனின்னு சொன்னாரு. அப்ப ரியால் 20 ரூபா கணக்கு, 30,000 ரூபா மாசம் வரும்னு நாங்க கணக்கு போட்டோம். அதுக்கு அவரு வாங்கினது 1,30,000 ரூபா. நூத்துக்கு மூணு வட்டிக்கு வாங்கி குடுத்தோம், அதாவது மாசம் 3,900 ரூபா வட்டி மட்டும். அப்புறம் ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்கு தெரிஞ்சுது, லைசென்ஸ் வச்சிருக்கற ஏஜெண்ட் ஒரு ஆள்கிட்ட சர்வீஸ் சார்ஜா வாங்கக்கூடிய உச்சவரம்பே 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான், 18 சதவீதம் சேர்த்தா 35,400. அதுக்கும் ரசீது குடுக்கணும். எங்ககிட்ட வாங்கினவருக்கு லைசென்ஸே கிடையாது. அவரு சப் ஏஜெண்ட், அந்த மாதிரி ஆள் பிடிச்சு விடறதுக்கு சட்டத்துல இடமே இல்ல. உண்மையான லைசென்ஸ் மும்பையில வேற ஒரு ஆபீஸ் பேர்ல இருந்துச்சு, அந்த ஆபீஸ் பேரை நாங்க கேள்விப்பட்டதே இல்ல.

அதனால முதல் விஷயம், யாரு எவ்வளவு நம்பிக்கையா பேசினாலும் இ-மைக்ரேட்னு வெளியுறவுத் துறையோட வெப்சைட் இருக்கு, அதுல பதிவு பண்ண ஏஜெண்ட் லிஸ்ட் இருக்கும், லைசென்ஸ் நம்பரை கேட்டு அதுல போட்டு பாருங்க. நம்பர் சொல்ல தயங்கினாலே எழுந்து வந்துடுங்க. பணத்தை கையில குடுக்காதீங்க. நாங்க குடுத்ததுல 50,000 ரூபாயை என் நாத்தனார் பையன் போன்லருந்து ஜிபேல அனுப்பியிருந்தான், பாக்கி எல்லாம் கையில குடுத்தது. கடைசியில போலீஸ் ஸ்டேஷன்ல நின்னப்ப அந்த 50,000 பத்தி மட்டும்தான் பேச முடிஞ்சுது, மீதி 80,000 நாங்க குடுக்கவே இல்லன்னு அந்த ஆள் என் முகத்தை பாத்தே சொன்னாரு. அன்னிக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல.

பாஸ்போர்ட் பத்தி சொல்லணும். இவரு பத்தாவது முடிக்கல, அதனால இவருக்கு ஈசிஆர் பாஸ்போர்ட். பத்தாவது பாஸ் பண்ணவங்களுக்கு அது கிடையாது, அவங்க நேரா போகலாம். ஈசிஆர்காரங்க சவுதி, குவைத், துபாய், கத்தார், ஓமன், மலேசியா மாதிரி 18 நாட்டுக்கு வேலைக்கு போகணும்னா அரசாங்கத்தோட எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்கணும். படிக்காதவங்களை ஏமாத்திடக்கூடாதுன்னு வச்ச ஏற்பாடு அது. ஆனா அந்த கிளியரன்ஸ்க்கு என்ன பேப்பர் குடுத்தாங்க, அதுல என்ன சம்பளம் போட்டிருந்துச்சுன்னு படிக்கத் தெரியாத ஆளுக்கே யாரும் காட்டல. பாதுகாப்பு யாருக்காகவோ அவங்க கையில மட்டும் பேப்பர் இருக்காது, மத்த எல்லார்கிட்டயும் இருக்கும். கிளம்பற அன்னிக்கு மீனம்பாக்கம் ஏர்போர்ட்ல வச்சுதான் ஒரு ஃபைலை கையில குடுத்தாங்களாம். அதை இவரு உள்ள போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்ல அனுப்பினாரு. அந்த போட்டோதான் ரெண்டு வருஷம் கழிச்சு எங்களை காப்பாத்துச்சு. அதுல இ-மைக்ரேட்ல பதிவான கான்ட்ராக்ட் இருந்துச்சு, சம்பளம் 1,500 ரியால்னு தெளிவா இருந்துச்சு, மும்பை ஏஜெண்ட்டோட லைசென்ஸ் நம்பரும் இருந்துச்சு, கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனான்னு ஒரு இன்சூரன்ஸ் பேப்பரும். அந்த இன்சூரன்ஸ் ஈசிஆர்ல போறவங்க எல்லாருக்கும் கட்டாயம், ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபா, மூணு வருஷத்துக்கு 375 ரூபா, விபத்துல உயிர் போனாலோ நிரந்தரமா ஊனமானாலோ 10 லட்சம். இந்த மாதிரி ஒண்ணு இருக்கறதே பல வீட்டுக்கு தெரியாது, நாமினி யாருன்னும் தெரியாது. விசிட் விசாவுல கூட்டிட்டு போய் அங்க வேலையில விட்டா இந்த இன்சூரன்ஸும் இல்ல, கான்ட்ராக்ட்டும் இல்ல, ஒண்ணுமே இல்ல. விசிட் விசாவுல போ அங்க மாத்திக்கலாம்னு எவன் சொன்னாலும் அனுப்பாதீங்க.

அங்க போய் இறங்கினதும் கம்பெனிக்காரங்க பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க, அரபியில ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. முதல் மாசம் வந்தது 1,000 ரியால், சாப்பாட்டுக்கு 200. கேட்டதுக்கு நீ கையெழுத்து போட்டது அதுக்குத்தான்னு சொல்லிட்டாங்க. வேலை பத்து பதினோரு மணி நேரம், ஓவர்டைம் கிடையாது. சவுதி சட்டப்படி நாளைக்கு எட்டு மணி நேரம்தான், அதுக்கு மேல செஞ்சா ஒன்றரை மடங்கு தரணும், பாஸ்போர்ட்டை முதலாளி பிடிச்சு வைக்கக்கூடாது, இக்காமா எடுக்கற செலவு புதுப்பிக்கிற செலவு எல்லாம் முதலாளியோடது. ஜூன் 15லருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12 மணியிலருந்து 3 மணி வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னும் இருக்கு. இது எல்லாமே நான் அப்புறமா தெரிஞ்சுக்கிட்டது. அந்த நேரத்துல இவரு போன்ல, விடும்மா, எல்லாருக்கும் அப்படித்தான் தராங்கன்னாரு. ஆனா எல்லாருக்கும் அப்படி இல்ல. அதே சைட்டுல அதே மாதிரி வேலை பாத்த வேற நாட்டுக்காரங்களுக்கு அதிகம், நேபாளம் பங்களாதேஷ்காரங்களுக்கு இவரை விட கம்மி. கையில இருக்கற பாஸ்போர்ட்டை பாத்து கூலி. பிலிப்பைன்ஸ் அரசாங்கம் தன் நாட்டுலருந்து வீட்டு வேலைக்கு போற பொண்ணுங்களுக்கு மாசம் 400 டாலருக்கு குறையக்கூடாதுன்னு பல வருஷம் முன்னாடியே கண்டிஷன் போட்டுச்சு. நம்ம அரசாங்கம் 2020 செப்டம்பர்ல, கொரோனா நேரத்துல, வளைகுடாவுக்கு போறவங்களுக்கு வச்சிருந்த குறைஞ்சபட்ச சம்பளத்தையே குறைச்சுது, எதிர்ப்பு வந்த பிறகு 2021ல வாபஸ் வாங்குச்சு. இதை படிச்சப்ப எனக்கு வயிறெரிஞ்சுது. நம்ம ஆளுங்க அனுப்பற பணத்தை பத்தி பெருமையா பேசறோம், அவங்க கூலியை குறைக்கறப்ப ஒரு நாள் கூட யோசிக்கலையே.

2023 நடுவுலருந்து சம்பளம் லேட்டாச்சு, அந்த வருஷ கடைசியில அடியோட நின்னுது. வரும் வரும்னு சொல்லி வேலை மட்டும் வாங்கினாங்க. வீட்டுல குழு லோன் வாரத்தவணை, கட்டலன்னா கூட இருக்கற பொம்பளைங்க சேர்ந்து கட்டணும், அதனால அவங்களே வாசல்ல வந்து உக்காந்துடுவாங்க. வட்டிக்காரர் ஒரு பக்கம். ரேஷன் அரிசி, நான் கொட்டை உடைச்சு வர்ற கூலி, இதுலதான் வண்டி ஓடிச்சு. அஞ்சு பவுன் இருந்துச்சு, அடகு வச்சு மீட்க முடியாம ஏலத்துக்கு போச்சு. பெரியவளை தனியார் ஸ்கூல்லருந்து எடுத்து அரசு பள்ளியில சேர்த்தேன், அங்க டீச்சருங்க நல்லாவே பாத்துக்கிட்டாங்க, அது ஒண்ணுதான் அப்ப ஆறுதல். கொடுமை என்னன்னா யாருகிட்ட கைமாத்து கேட்டாலும், உனக்கென்னம்மா, வீட்டுக்காரர் சவுதியில இல்லன்னு கேப்பாங்க. சம்பளம் வரலன்னு சொன்னா நம்ப மாட்டாங்க, மறைக்கறான்னு பேசுவாங்க. சில பேரு, அங்க வேற குடும்பம் வச்சுட்டாரோன்னு என் மாமியார் காதுல விழற மாதிரியே பேசினாங்க. வெளிநாட்டுக்காரன் வீடுன்னு பேர் வந்துட்டா ஏழைன்னு சொல்லிக்கற உரிமை கூட போயிடுது.

2024 பொங்கல் கழிச்சு மாமனார் தவறிட்டாரு. இவருதான் மூத்த மகன். அப்ப இக்காமா முடிஞ்சிருந்துச்சு, கம்பெனி புதுப்பிக்கல, இக்காமா இல்லாம ஊருக்கு வந்துட்டு போற ரீ-என்ட்ரி அடிக்க முடியாது. எங்க ஊர்க்காரர் ஒருத்தர் அதே ரியாத்ல இஞ்சினியரா இருக்காரு, பொண்டாட்டி பிள்ளையோட ஃபேமிலி விசாவுல. அவங்க அம்மா தவறினப்ப மறுநாளே குடும்பத்தோட வந்து நின்னாரு. அவரு மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, நல்ல மனுஷன், பின்னாடி எங்களுக்கு ரொம்ப உதவி பண்ணாரு. ஆனா ஒரே ஊரு, ஒரே நாட்டுக்கு போனாங்க, ஒருத்தருக்கு குடும்பம் கூட இருக்கலாம், அம்மா முகத்தை பாக்கலாம், இன்னொருத்தருக்கு ரெண்டும் கிடையாது. படிப்பும் இக்காமாவுல போட்டிருக்கற வேலைப் பேரும்தான் வித்தியாசம். சென்ட்ரிங் வேலைன்னு இக்காமாவுல இருந்தா ஃபேமிலி விசா கேக்கவே முடியாது. கொழுந்தனார்தான் கொள்ளி வச்சாரு, இவரு இமோ ஆப்ல வீடியோ கால்ல பாத்தாரு. நெட் விட்டு விட்டு வந்துச்சு. மாமியார் போனை பிடுங்கி மார்ல வச்சுக்கிட்டு அழுதாங்க.

அடுத்த மாசமே இவரு கால்ல பலகை ஆணி ஏறிடுச்சு. இக்காமா முடிஞ்சா மெடிக்கல் இன்சூரன்ஸும் சேர்ந்து நின்னு போயிடும், ஆஸ்பத்திரிக்கு போனா காசு கட்டணும். கால் வீங்கி காய்ச்சல் வந்த பிறகு ரூம்ல இருந்த பாகிஸ்தான்காரர் ஒருத்தரும் நேபாளத்து பசங்களும் ஆளுக்கு கொஞ்சம் போட்டு கிளினிக் கூட்டிட்டு போனாங்க. அவங்களுக்கும் சம்பளம் வரல. அவங்க பேரு முகம் எதுவும் எனக்கு சரியா தெரியாது, அவங்களை நெனச்சா இப்பவும் கும்பிடத் தோணும்.

அப்பதான் நான் இறங்கினேன். முதல்ல ஒரு ஆபீஸ்க்கு போனேன், பேரு வேண்டாம், அங்க இருந்தவரு மனுவை படிக்கவே இல்ல, உங்க வீட்டுல ஆம்பள யாராவது இருந்தா வரச்சொல்லும்மான்னாரு. ஆம்பள இருந்தா நான் ஏன் வரேன். இன்னொரு இடத்துல இது எங்க வேலை இல்லன்னாங்க. கூலியை விட்டுட்டு பஸ் காசு போட்டு கடலூர் போய் சாயங்காலம் வெறுங்கையோட வர்றது எப்படி இருக்கும்னு போனவங்களுக்கு தெரியும். அலைஞ்சு அலைஞ்சு எனக்கு புரிஞ்ச வழியை மட்டும் சொல்றேன், நீங்க நேரா அங்க போங்க. மதத்னு வெளியுறவுத் துறையோட போர்ட்டல் இருக்கு, 2015லருந்து இருக்கு, அதுல அங்க இருக்கறவரு மட்டும் இல்ல, இங்க இருக்கற குடும்பமும் புகார் போடலாம், காசு கிடையாது. பாஸ்போர்ட் நம்பர், இக்காமா நம்பர், கம்பெனி பேரு, கேம்ப் இருக்கற இடத்தோட லொகேஷன், எத்தனை மாச சம்பளம் பாக்கி, இதெல்லாம் கையில வச்சுக்கிட்டு போடுங்க. போட்டதும் ஒரு நம்பர் வரும், அதை எல்லா மனுவுலயும் மேல எழுதுங்க. அந்த நம்பர் வந்த பிறகு பேசறவங்க தொனியே மாறுது, இது நான் கண்ணால பாத்தது. ரெண்டாவது, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள், அங்க மனு குடுத்து ரசீது வாங்கிக்குங்க. மூணாவது, சென்னை சேப்பாக்கம் எழிலகத்துல தமிழ்நாடு அரசோட அயலகத் தமிழர் நலன் மறுவாழ்வுத் துறை ஆணையரகம் இருக்கு, அவங்க தூதரகத்துக்கு எழுதுவாங்க. எங்க வீட்டுக்காரரு கூட கேம்ப்ல இருந்த ஒருத்தர் பாகூர்க்காரர், எங்க மாவட்ட எல்லையிலருந்து கூப்பிடு தூரம், ஆனா அது புதுச்சேரி, அதனால அவங்க வீட்டம்மா மதத்ல போட்டுட்டு புதுச்சேரி கலெக்டர் ஆபீஸ் பக்கம்தான் போக வேண்டியிருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் போன்ல பேசி பேசித்தான் ஒருத்தருக்கொருத்தர் தெம்பு குடுத்துக்கிட்டோம். ஒரே கம்பெனியில மாட்டினவங்க வீட்டுப் பொம்பளைங்க நம்பரை எப்படியாவது வாங்கி வச்சுக்குங்க. தனித்தனியா மனு போட்டுட்டு, எல்லார் பேரும் சேர்த்து ஒண்ணும் போடுங்க, அப்பதான் இது ஒரு வீட்டு பிரச்சனை இல்ல, கம்பெனி பிரச்சனைன்னு தெரியும்.

அதுக்குள்ள மே மாசம் சைட்டு வேலையே நின்னு போச்சு, மாசம் 1,200 வீதம் ஏழு மாச சம்பளம் பாக்கி, 8,400 ரியால். கேம்ப்ல கரண்ட் ஒரு நாள் இருக்கும் ஒரு நாள் இருக்காது. அங்க வெயில் காலம்னா என்னன்னு போனவங்களை கேளுங்க. இந்த நேரத்துலதான் 2024 ஜூன் 12 குவைத் மங்காஃப்ல தொழிலாளிங்க தங்கியிருந்த கட்டடத்துல தீப்பிடிச்சு நம்ம நாட்டுக்காரங்க மட்டும் 45 பேரு செத்தாங்க, அதுல தமிழ்நாட்டுக்காரங்க ஏழு பேரு, ஒருத்தர் எங்க கடலூர் மாவட்டம். விமானப்படை விமானத்துல கொச்சிக்கு உடல்களை கொண்டு வந்ததை டிவியில காட்டினப்ப என் சின்னவன், அப்பா ரூமும் அப்படித்தான் இருக்குமான்னு கேட்டான். இமோவுல அவன் பாத்திருக்கான், அடுக்கு கட்டில், ஒரே கதவு, ஜன்னல்ல கம்பி. என்ன சொல்றதுன்னு தெரியல. செத்த பிறகு கலெக்டர், மந்திரி, நஷ்டஈடு எல்லாம் வருது, உயிரோட அதே மாதிரி ரூம்ல கிடக்கறவங்க சொன்னா யாரு காதுல ஏறுது.

கம்பெனி சூப்பர்வைசர், வெளிய போய் புகார் பண்ணா ஹுரூப் போட்டுடுவேன்னு மிரட்டினாரு. ஹுரூப்னா வேலையை விட்டு ஓடிட்டான்னு முதலாளி பதிவு பண்றது. அது விழுந்துட்டா சட்டவிரோதமா தங்கியிருக்கற ஆளா ஆயிடுவாங்க, பிடிச்சா தர்ஹீல்லதான், அதாவது நாடு கடத்தறவங்களை வைக்கற இடத்துலதான் வைப்பாங்க. பசங்க பயந்து போய் வெளிய கூலி வேலைக்கு போயிடறாங்க, அது முதலாளிக்குத்தான் வசதி. இவரும் கிளம்பறேன்னாரு, நான் விடல. முதல்ல தூதரகத்துல பேரை பதிவு பண்ணிடுங்க, அப்புறம் பாக்கலாம்னு சொன்னேன். இக்காமா முடிஞ்சவங்க, ஹுரூப் விழுந்தவங்க ஊருக்கு போக எக்ஸிட் கேட்டு பதிவு பண்றதுக்கு ரியாத் இந்தியத் தூதரகத்துல தனி ஏற்பாடே இருக்கு. இன்னொண்ணும் அங்க சட்டத்துல 2021லருந்து இருக்கு, மூணு மாசம் தொடர்ந்து சம்பளம் தரலன்னாலோ இக்காமாவை புதுப்பிக்கலன்னாலோ முதலாளி சம்மதம் இல்லாமயே வேற கம்பெனிக்கு மாறலாம். இவருக்கு அது தெரிஞ்சிருந்தா அப்பவே மாறியிருக்கலாம். ஆனா அதுக்கு கிவான்னு சவுதி தொழிலாளர் துறையோட ஆப்ல ஆள் உள்ள போகணும், அதுக்கு அப்ஷர்னு அந்த அரசாங்கத்தோட இன்னொரு ஆப்ல கணக்கு வேணும், அது அவங்க பேர்ல வாங்கின சிம்முல இருக்கணும். இவரு பயன்படுத்தினது வேற யாரோ பேர்ல இருந்த சிம். அதனால இக்காமா கைக்கு வந்த முதல் வாரமே சொந்த பேர்ல சிம் வாங்கி அப்ஷர் திறக்கச் சொல்லுங்க, கிவாவுல கான்ட்ராக்ட்ல என்ன சம்பளம் போட்டிருக்குன்னு பாத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்க. வீட்டு டிரைவர், வீட்டு வேலைன்னு போறவங்களுக்கு சவுதி தொழிலாளர் சட்டமே பொருந்தாது, அவங்களுக்கு தனி விதி, அதுல பாதுகாப்பு கம்மி. கம்பெனி டிரைவர்னு சொல்லி வீட்டு டிரைவர் விசா அடிச்சு அனுப்பறதும் நடக்குது, விசா வந்ததும் அதுல என்ன வேலைன்னு தெரிஞ்சவங்ககிட்ட காட்டி கேளுங்க.

அந்த இஞ்சினியர் அண்ணன் லீவு போட்டு இவங்களை கூட்டிட்டு போய் தூதரகத்துலயும் லேபர் ஆபீஸ்லயும் நின்னாரு, அரபி பேசத் தெரிஞ்ச தன்னார்வலர் ஒருத்தரும் கிடைச்சாரு. அங்க முதல்ல சமரசப் பேச்சு, அதுக்கு 21 நாள் கெடு, ஒத்து வரலன்னா லேபர் கோர்ட். இ-மைக்ரேட் கான்ட்ராக்ட்டை நான் இங்கருந்து அனுப்பினேன், பேங்க்ல சம்பளம் ஏறின விவரமும் குடுத்தாங்க. ஊருக்கு பணத்தை எப்பவும் பேங்க் வழியா அனுப்பச் சொல்லுங்க, உண்டியல்ல, அதாவது பேங்க் இல்லாம ஆள் மூலமா, அனுப்பினா நூறு இருநூறு கூட வரும், ஆனா நாளைக்கு இவ்வளவுதான் சம்பாதிச்சேன்னு காட்ட ஒரு துண்டு பேப்பர் இருக்காது. கம்பெனிக்காரங்க கடைசியில பாக்கிக்காக 3,000 ரியால் தரேன், கையெழுத்து போட்டுட்டு எக்ஸிட் வாங்கிட்டு போன்னாங்க. அந்த பேப்பர்ல முழு கணக்கும் தீந்ததுன்னு எழுதியிருந்துச்சுன்னு அந்த தன்னார்வலர் படிச்சு சொன்னாரு. அதுல கையெழுத்து போட்டிருந்தா எல்லாம் போச்சு. பாக்கியில ஒரு பகுதி பெற்றுக்கொண்டேன்னு மாத்தி எழுத வச்சுதான் வாங்கினாங்க. இவரு வர்றதுக்கு முன்னாடி மீதி பாக்கியையும் சர்வீஸ் பணத்தையும் கேட்டு நடத்தறதுக்கு அதிகாரம் எழுதி குடுத்துட்டு வந்தாரு. சர்வீஸ் பணம்ங்கறது வேலை முடிஞ்சு வர்றப்ப முதலாளி தர வேண்டியது, முதல் அஞ்சு வருஷம் வரைக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாச சம்பளம். வேலை முடிஞ்ச நாள்லருந்து 12 மாசத்துக்குள்ள லேபர் கோர்ட்ல கேக்கணும், அதுக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க. உசுரோட வந்தா போதும்னு ஓடி வந்துட்டு ரெண்டு வருஷம் கழிச்சு விசாரிக்கறவங்க நிறைய, அவங்களை குத்தம் சொல்ல முடியாது, ஆனா இந்த 12 மாசக் கணக்கை மனசுல வச்சுக்குங்க. டிக்கெட் தூதரகத்துல இந்திய சமூக நல நிதின்னு ஒண்ணு இருக்கு, அதுலருந்து போட்டாங்க.

வந்த அன்னிக்கு பத்து பதினஞ்சு கிலோ குறைஞ்சிருந்தாரு, சின்னவன் கிட்ட போகவே யோசிச்சான். ஒரு மாசம் ராத்திரியில தூக்கமில்ல, யார் போன் அடிச்சாலும் எழுந்து உக்காந்துடுவாரு. ஆம்பளைங்க இதை சொல்ல மாட்டாங்க, நாமதான் கவனிக்கணும். அரசு ஆஸ்பத்திரியில மனநல டாக்டரை பாத்தோம், மாத்திரை குடுத்தாங்க, பேசினாங்க, இப்ப பரவாயில்ல. பணம் எவ்வளவு போச்சுன்னு வெட்கப்படாம கேளுங்கன்னு டாக்டர் சொன்னதால அப்பதான் உக்காந்து எழுதினோம். ஏஜெண்ட் சட்டத்துக்கு மேல வாங்கினது கிட்டத்தட்ட 95,000, வட்டி ஒரு லட்சத்துக்கு மேல, பாக்கி சம்பளத்துல வராதது 5,400 ரியால், சொன்ன சம்பளத்துக்கும் தந்ததுக்கும் வித்தியாசம் மட்டும் கிட்டத்தட்ட 6,000 ரியால். நகை தனி. எழுதி முடிச்சுட்டு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

ஏஜெண்ட் மேல புகாரை உள்ளூர் ஸ்டேஷன்ல குடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கினேன், அதே புகாரை சென்னையில இருக்கற புரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ், அதாவது வெளிநாட்டு வேலைக்கு போறவங்களை பாத்துக்கற வெளியுறவுத் துறை ஆபீஸ்க்கும் ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பினேன், மும்பை லைசென்ஸ் நம்பரையும் எழுதி. அதுக்கப்புறம்தான் மும்பைக்காரங்க இங்க இருக்கறவருக்கு போன் பண்ணி, அவரு வீடு தேடி வந்தாரு. 40,000 திருப்பி குடுத்தாரு, மீதிக்கு இழுத்தடிக்கறாரு. வக்கீலுக்கு எங்க போறதுன்னு நெனச்சேன், கடலூர் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் அங்க வக்கீல் இலவசம், 1987 சட்டத்துலயே இருக்கு. 15100க்கு போன் பண்ணாலும் சொல்வாங்க. அங்க இருந்த வக்கீலம்மா என்னை உக்கார வச்சு முழுசா கேட்டாங்க. அவ்வளவு நாள் அலைச்சல்ல என்னை உக்காரச் சொன்ன முதல் ஆபீஸ் அதுதான், அங்கயே அழுதுட்டேன்.

இப்ப இவரு கடலூர் பக்கம் சென்ட்ரிங் வேலைக்கு போறாரு, கடன் இன்னும் இருக்கு, சவுதி கேஸ் நடக்குது, ஏஜெண்ட் விஷயத்துல அடுத்த தேதி குடுத்திருக்காங்க. போன மாசம் எங்க தெருவுல ஒரு பையன் கத்தார் போறேன்னு சொன்னான், பத்தொன்பது இருபது வயசுதான் இருக்கும். அவன் அம்மாவை கூப்பிட்டு இ-மைக்ரேட்ல ஏஜெண்ட் நம்பரை போட்டு பாத்தோம், இருந்துச்சு, ஆனா லைசென்ஸ் தேதி முடிஞ்சிருந்துச்சு. நான் போகாதன்னு சொல்லல, அவங்க வீட்டு கஷ்டம் எனக்கு தெரியும். லைசென்ஸ் புதுப்பிச்ச பேப்பரை காட்டச் சொல்லு, கான்ட்ராக்ட் காப்பியை உங்க அம்மா கையில முதல்ல குடுக்கச் சொல்லு, இன்சூரன்ஸ்ல நாமினி அம்மா பேரை போடு, பணத்தை அக்கவுண்ட்ல மட்டும் போடு, பாஸ்போர்ட் நம்பர், விசா நம்பர், கம்பெனி பேரு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி அம்மாகிட்ட வச்சுட்டு போன்னு சொல்லியிருக்கேன். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்க தெரியாது, அதனால நோட்டை நானே எழுதி குடுத்துட்டேன், மதத் போர்ட்டல்ல எப்படி போடறதுன்னு அவங்க பொண்ணுக்கும் காட்டியிருக்கேன்.